ரோசா என்ற பதில்

4, திங்கள்
மழை இல்லை. குளுவாங் ஊர் முழுக்கப் புகைமூட்டம். காவல் கூண்டிலிருந்து எதிர்ச் சாலை தெரியவில்லை.

என் கையால் எழுதும் முதல் குறிப்பு. அறுபத்தெட்டு வயதில். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். இருக்கட்டும், அவசரமில்லை.

பிடித்ததை எழுதுங்கள் என்றார் ஞாயிறு எழுத்து வகுப்பு டீச்சர். எனக்குப் பிடித்தது எங்கள் மீன் கிடங்கின் பேச்சு.
மேய் லிங், சூப்பர்வைசர்: வணக்கத்துக்கு "வங்காம்".
மாணிக்கம்: டெம்பரேச்சருக்கு "டெம்பரச்சி". கேட்டால் அவன் அத்தை பெயர் மாதிரி இருக்கும்.
நான்: ஃபோர்க்லிஃப்டுக்கு "போக்குலிப்பு". எழுத வந்தும் வாய் திருந்தவில்லை.
ராயப்பன், குளிர் அறையில் வேலை செய்தவர்: வாக்கிடாக்கியில் 'கேட்டது' என்று ரோஜர் சொல்வதற்கு "ரோசா". முன்னால் ஒரு இருமல். இருபது வருஷம் அப்படித்தான். தவக்காலத்தில் இறந்துபோனார், வீட்டில், தூக்கத்தில்.

5, செவ்வாய்
இதுவரை பித்தளை வில்லைதான். குளிர் அறைக்குள் போகிறவர் தன் வில்லையை ஆணியில் மாட்டுவார், வெளியே வந்தால் எடுப்பார். ஆணிகள் காலியானால் ஆறு மணிக்குப் பூட்டுவேன்.

இனி பதிவேடு. நானே கேட்டு வாங்கினேன். வாக்கிடாக்கியில் பெயர் கூப்பிடுவேன், வெளியே வந்தவர் பதில் சொல்வார், ஒரு கோடு போடுவேன். வில்லைகளை ஒரு காலி மைலோ டின்னில் போட்டு மூடினேன்.

ஆறு பெயர். பெரிய எழுத்தில், பக்கம் முழுக்க. எவ்வளவு அழகு.

6, புதன்
புகை இன்னும். மத்தியானம் புது ஆள், கரீம், பங்களாதேஷ். அவனுக்கு இன்னும் வாக்கிடாக்கி தரவில்லை. பக்கத்தின் அடியில் இடமும் இல்லை. செருகினால் அசிங்கமாகிவிடும். நாளைக்குப் புதுப் பக்கத்தில் எழுதலாம் என்று விட்டேன்.

ஆறு மணி. ஆறு பேரும் பதில் சொன்னார்கள். பூட்டிவிட்டேன். சாவியை உருவும்போது வாக்கிடாக்கியில் இருமல்.
"ரோசா."
சிரித்துவிட்டேன். மாணிக்கத்தின் விளையாட்டு என்று நினைத்தேன். திரும்பினால் அவன் என் பின்னால், கையில் ஹெல்மெட்டோடு.
"தாத்தா, நான் இல்ல லா. என் செட்டு சார்ஜ்ல கெடக்கு."
மறுபடி இருமல். மறுபடி ரோசா. மெதுவாக, பக்கத்தில் நின்று சொல்வதுபோல்.

கதவைத் திறந்தேன். உள்ளே, வாசலோரம் கரீம் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். கதவின் உள்பிடி உறைந்து திரும்பவில்லை. தட்டியிருக்கிறான், கதவு கனம், கேட்கவில்லை.

7, வியாழன்
கரீம் நன்றாக இருக்கிறான். இரண்டு கப் தே தாரிக் டீ குடித்தான்.

மேய் லிங்கிடம் சொன்னேன், பெயர் எழுதாதது நான், பக்கம் கெடுமே என்று. அவள் திட்டவில்லை. உள்பிடியை மாற்ற ஆள் வந்தான்.

கரீம் மலாயில் என்னிடம் கேட்டான், உள்ளே இருந்த அந்தப் பெரியவர் யார் என்று. அவர்தான் கதவோரம் உட்காரச் சொன்னாராம். குளிரில் இருமிக்கொண்டே இருந்தாராம்.
மாணிக்கம் சிலுவை போட்டுக்கொண்டான். அவனோ திருநீறு பூசுகிறவன், மாதா கோயில் பக்கமே போகாதவன்.

எழுதத் தெரியாத காலத்தில் ஒருவரையும் நான் உள்ளே விட்டுப் பூட்டியதில்லை. டின்னைத் திறந்தேன். ராயப்பன் வில்லையும் அதில். எடுத்தபோது சில்லென்று இருந்தது.

8, வெள்ளி
இனி வில்லையும் உண்டு, பதிவேடும் உண்டு. கரீமுக்கும் வாக்கிடாக்கி கொடுத்தார்கள். புதுப் பக்கம். ஏழு பெயர். எட்டாவதாக ராயப்பன் என்று எழுதினேன். 'ரா' நன்றாக வந்தது.

ஆறு மணிக்கு ஏழு பேரையும் கூப்பிட்டேன். பிறகு, யாரும் பார்க்காதபோது, அவரை.
இருமல். "ரோசா."
கோடு போட்டேன். பூட்டினேன். வீடு வரை சிரித்துக்கொண்டே போனேன்.

9, சனி
காலையில் நல்ல மழை. புகை போய்விட்டது.

ஆறு மணி. ஏழு பேரும் பதில் சொன்னார்கள். ஆணிகள் காலி. ராயப்பனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

ஏழு பேரையும் கதவுக்கு முன்னால் வரச் சொல்லி எண்ணினேன். இரண்டு முறை. ஏழுதான்.
"பூட்டுங்க தாத்தா, பஸ் போயிரும்" என்கிறான் மாணிக்கம்.

ஆறு இருபது. நின்றபடி எழுதுகிறேன். சாவி கையில்தான் இருக்கிறது. எட்டாவது பெயருக்கு மட்டும் கோடு இல்லை, இன்னும் பூட்டவில்லை.