கேட்காமல் வந்த ஐந்து மதிப்பெண்

9 ஜனவரி

"எந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தீங்கம்மா?"

செப்டம்பரில் கல்லூரி வாசலில் காவலாளி கேட்ட கேள்வி. பிள்ளையை இல்லை, வகுப்பறையைத் தேடுகிறேன் என்று அடையாள அட்டையை நீட்டினேன். பரிமாற்ற மாணவி, வரலாறு, இரண்டாம் ஆண்டு. அவர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். இரண்டிலும் அதே அறுபத்தெட்டு வயது முகம்தான். எதைத் தேடினாரோ.

இன்று என் மகன் துவார்த்தே ஊரிலிருந்து போன் செய்து அதையே வேறு மாதிரி கேட்டான். "இந்த விளையாட்டு எப்பம்மா முடியும்?"

விளையாட்டாம். விசேவு நகரத்துப் பள்ளியில் முப்பத்தாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தேனே, அதை யாரும் விளையாட்டு என்று சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பிறகு நானே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, போர்ச்சுகல் எல்லையைத் தாண்டி ஒரு வருடம் பக்கத்து நாட்டு நகரமான சரகோசாவில் படிக்க வந்தால் மட்டும் விளையாட்டு.

பிப்ரவரியில் முடியலாம், ஜூனிலும் முடியலாம் என்றேன். உண்மையே அதுதான். முதல் அரையாண்டில் நாலு பாடம். மூன்றிலாவது தேறினால்தான் அடுத்த அரையாண்டும் இங்கே படிக்க என் ஊர்ப் பல்கலைக்கழகம் விடும். இரண்டில் டிசம்பரிலேயே தேறிவிட்டேன். லத்தீன் காலை வாரிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று: இந்த ஊர் இருக்கும் அரகோன் பகுதியின் மத்தியகால வரலாறு.

14 ஜனவரி

சியெர்சோ என்று இவர்கள் சொல்லும், குடையை முறிக்கும் காற்று மூன்று நாளாக ஓயவில்லை. மழையோடு வந்தது. குடை விரித்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். நான் விரிக்கவில்லை.

17 ஜனவரி

தேர்வு முடிந்தது. நாலு கேள்வி. இரண்டு சுமாராக எழுதினேன். மூன்றாவதில் பாதிதான் தெரிந்தது. நாலாவது, வரைபடத்தில் எப்ரோ ஆற்றின் பழைய வாய்க்கால்களைக் குறித்து விளக்கச் சொல்லும் கேள்வி. குறித்தேன். விளக்கத்துக்கு ஒரு வரிகூட வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் வழக்கம்போல என் தாளுக்கு நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போட்டாலும் நாலரை. தேறப் பத்துக்கு ஐந்து வேண்டும்.

என்னோடு வீட்டில் இருக்கும் போலந்துப் பெண் யாகோதாவும் இதே தேர்வை எழுதினாள். அவளுக்கு இருபத்தொரு வயது. வந்த முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன், இந்த வீட்டில் நானும் மாணவிதான், என்னைப் பேர் சொல்லி நீ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று. எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "கேட்காதே தியோலிந்தா" என்று சொல்லி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

24 ஜனவரி

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். எனக்கு 5.0.

தேறிவிட்டேன். ஜூன்வரை இருக்கலாம். சந்தோஷப்பட வேண்டியதுதானே?

உள்ளூர் மாணவர்கள் பட்டியலில் 3.2, 6.7, 8.1, 4.4 என்று ஏறியும் இறங்கியும் எண்கள். அதற்குக் கீழே பரிமாற்ற மாணவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் 5.0. ஒருவருக்குக் கூடுதலும் இல்லை, ஒருவருக்குக் குறைவும் இல்லை. காய்ச்சலோடு வந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரே சூடு என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் என்ன அர்த்தம்? அவர் தெர்மாமீட்டரைக் கையிலேயே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

யாகோதா வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தாள். கடையில் சாக்லேட் வாங்கினாள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

27 ஜனவரி

இங்கே ஒரு வழக்கம் உண்டு. மதிப்பெண் வந்தபின் குறித்த நேரத்தில் ஆசிரியர் அறைக்குப் போய், திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம், வாதாடலாம். நடைபாதையில் வரிசை. எல்லாரும் அரை மதிப்பெண், கால் மதிப்பெண் கேட்டு வந்தவர்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் கேட்டான், உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று. எனக்குக் குறைய வேண்டும் என்றேன். நாகரிகமாக ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான்.

பாட ஆசிரியர் ரமிரோவுக்கு என் மகன் வயது இருக்கும். நல்ல பேச்சாளர். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு முன்னால் போன பையனுக்கு இழுத்துப் போடவில்லை.

தாளைக் கேட்டேன். எடுத்துத் தந்தார். முதல் பக்கத்தில் வட்டமிட்ட 5. மற்றப் பக்கங்களில் ஒரு பென்சில் கீறல்கூட இல்லை. என் எழுத்து, நான் எழுதின மாதிரியே, யார் கண்ணும் படாமல்.

நிதானமாகத்தான் கேட்டேன், இதைப் படித்தீர்களா என்று. அவர் மழுப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மொழிச் சிரமம், அரை வருடத்தில் போய்விடுவார்கள், அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று சொன்னார். இதுவரை யாரும் வந்து குறை சொன்னதில்லையாம்.

"தேறினவன் எதுக்கு வந்து குறை சொல்லுவான்?"

"நீங்க மட்டும் ஏன் வந்தீங்க?"

இந்த நீங்கதான். அதுவரை பொறுமையாக இருந்தேன். "வகுப்பில எல்லாரையும் நீன்னு கூப்பிடறே. என்னை மட்டும் நீங்க. உள்ளூர்ப் பசங்களுக்குத் திருத்தறே. எனக்கு மட்டும் நாற்காலி. சந்தையில பீச் பழத்தைத் தராசுலயே வைக்காம ஒரு கிலோ, எடுத்துட்டுப் போங்கன்னு ஒருத்தன் கொடுத்தா நான் அங்க மறுபடி போவேனா? என் தாளைத் திருத்து ரமிரோ."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், இந்த முறை நீ என்றே: "உன்னோடதைத் திருத்தினா பன்னிரண்டையும் திருத்தணும். ஒருத்தருக்கு மட்டும் செய்ய முடியாது. வியாழக்கிழமைவரை யோசி."

என் தாளில் மட்டும் தேறவில்லை என்று போட்டுவிடச் சொன்னேன். படிக்காமல் தேறவில்லை என்று போடவும் தனக்கு உரிமை இல்லை என்றார். அது சரிதான். எரிச்சலாக இருந்தது, ஆனால் சரிதான்.

28 ஜனவரி

பரிமாற்ற மாணவர்கள் குழுவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். ஒரு ஜெர்மன் பையன் மட்டும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றான். மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. இருப்பதிலேயே மரியாதையான பதில்: "பாட்டி, வீட்டுக்குப் போ."

போக மாட்டேன்.

29 ஜனவரி

ஊர்க் காவல் புனிதர் வலேரோவின் நாள். விடுமுறை. தெருவெல்லாம் வளைய ரொட்டி வாங்கும் கூட்டம். நானும் ஒன்று வாங்கி வந்து, க்ரீம் வழிய யாகோதாவுக்கு வெட்டி வைத்தேன். அவள் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. நேற்றிலிருந்து என்னிடமும் பேசவில்லை.

தட்டைத் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். "நீ ஃபெயில் ஆனா அது ஒரு கதை. ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பே. நான் ஃபெயில் ஆனா அது ஒரு வருஷம். எனக்கு இந்த ஜூன்ல பட்டம் வேணும், மறுதேர்வு ரிசல்ட் அதுக்குள்ள வராது."

எனக்கும் இது கதை இல்லை, தேறாவிட்டால் பிப்ரவரி முடிவில் பெட்டி கட்ட வேண்டும் என்றேன். அது உன் இஷ்டம், என்னை ஏன் இழுக்கிறாய் என்றாள். நியாயமான கேள்வி. நீ எழுதியதை யாருமே படிக்காதது உனக்குப் பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள் பட்டென்று.

பிறகு தள்ளிய தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரு பக்கம்கூடவா பார்க்கலை?"

"என்னோடதுல ஒரு பக்கமும் பார்க்கலை. உன்னோடதை நான் பார்க்கலை."

"கிறிஸ்துமஸுக்கு எங்கம்மா அத்தனை தடவை கூப்பிட்டாங்க. போகாம இங்க உட்கார்ந்து படிச்சேன்." எழுந்தாள். "போய்த் தொலை தியோலிந்தா. என்ன வேணா பண்ணு."

கதவை அறைந்தாள். இது சம்மதமா? இல்லை. மறுப்பா? அதுவும் இல்லை.

நான் செய்யப்போவது சரியா? அவளுக்கு ஒரு வருடம் போனால் என்னால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியாது. தெரிந்துதான் போகப்போகிறேன். வாய் மூடி இருந்தால் அடுத்த வருடம் வருகிற பன்னிரண்டு பேருக்கும் அதே ஐந்து. படித்தவனுக்கும் ஐந்து, குடித்துவிட்டுத் திரிந்தவனுக்கும் ஐந்து. விருந்தாளிக்கு வைக்கிற தட்டு மாதிரி. நான் விருந்துக்கு வரவில்லை.

30 ஜனவரி

போனேன். திருத்தச் சொன்னேன். ரமிரோ தலையை மட்டும் அசைத்தார்.

5 பிப்ரவரி

எனக்கு 3.9.

நான் தாராளமாகப் போட்ட நாலரையைவிடக் குறைவு. தாள் முழுக்கச் சிவப்பு. ஓர் இடத்தில் "இது எந்த அரசன்?" என்று கேட்டிருக்கிறார். நியாயம், நான் இரண்டு பெத்ரோக்களைக் குழப்பியிருந்தேன். இன்னோர் இடத்தில் ஓரத்தில் சின்னதாக "நல்ல கவனிப்பு." அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டில் ஐந்து பேர் உயர்ந்தார்கள். அந்த ஜெர்மன் பையனுக்கு எட்டு. மூன்று பேர் ஐந்தையொட்டியே நின்றார்கள். நாலு பேர் விழுந்தோம்.

யாகோதாவுக்கு 4.6.

6 பிப்ரவரி

ஃபிரிட்ஜில் அவள் தயிர்க் கிண்ணங்களை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டாள். என் போர்ராஹாக் கீரை கீழே தனியாகக் கிடக்கிறது.

துவார்த்தேயிடம் சொன்னேன். எண்ணை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னான். பிறகு: "கையில இருக்கிற மார்க்கை யாராவது குறைக்கச் சொல்லுவாங்களாம்மா?" சொல்லுவார்கள், உன் அம்மா சொல்லுவாள் என்றேன். எப்போது கூட்டிப்போக வரட்டும் என்று கேட்டான். வராதே என்றேன்.

10 பிப்ரவரி

இன்று மறுபார்வை நாள். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. 3.9 என்பது 3.9தான்.

மதியம் யாகோதா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நேராக என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நாலாவது கேள்விக்கு விளக்கத்தை அவள் வரைபடத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அவர் தாளைத் திருப்பியே பார்க்கவில்லை. இவள் திருப்பிக் காட்டியிருக்கிறாள். பின்பக்கத்தில் எழுதக் கூடாது என்றாராம் அவர். அப்படி எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டாளாம். எங்கேயும் போட்டிருக்கவில்லை. வாசலில் வரிசை நின்றிருக்கிறது, இவள் எழுந்திருக்கவே இல்லை. முழுசும் படிக்கிறவரை உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். செப்டம்பரில் ரொட்டிக் கடையில் விலை கேட்கக் கூசினவள்.

"அவன்கிட்ட சொன்னேன், திருத்தறதுன்னா ரெண்டு பக்கமும் திருத்தணும்னு."

"என்ன சொன்னார்?"

"ஆறு போட்டான். ஆறு புள்ளி ரெண்டு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்மேல கோபம் இன்னும் போகலை. அதையும் தெரிஞ்சுக்கோ."

தெரிந்துகொண்டேன்.

17 பிப்ரவரி

என் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மூன்றாவது பாடத்தில் தேறாததால் பரிமாற்றம் இந்த மாதத்தோடு முடிகிறது. வாழ்த்துகளுடன்.

ரமிரோவிடம் போய்க் கேட்டேன். பரிமாற்றம் முடிந்தாலும் இந்தப் பாடத்துக்கான பதிவு ஆண்டு முழுக்கச் செல்லுமாம். ஜூன் மறுதேர்வை எழுதலாம். அதுவரை வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாமா என்றேன். கதவு திறந்துதானே இருக்கிறது என்றார்.

அறை வாடகை என் ஓய்வூதியத்தில் வருகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. துவார்த்தேக்கு ஒரு வரி அனுப்பினேன்: ஜூனில் வருகிறேன்.

5 மார்ச்

ஊர்த் திருநாள் சின்கோமார்சாதா. ஊரே பூங்காவில் சாப்பாட்டு மூட்டையோடு. யாகோதா உருளைக்கிழங்கு ஆம்லெட் செய்து எடுத்து வந்தாள், அடி கருகியிருந்தது. குழுவில் என்னைப் பாட்டி என்று எழுதிய பையனும் வந்திருந்தான். விழுந்த நாலு பேரில் அவனும் ஒருவன். என் பக்கம் திரும்பாமலே, இரண்டாம் பெத்ரோ எந்த வருடம் செத்தான் என்று கேட்டான். 1213 என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. ஆம்லெட்டில் பெரிய துண்டை எடுத்துக்கொண்டான்.

22 மே

வகுப்பில் இன்று ரமிரோ என்னைக் கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னேன். தப்பு என்றார். எல்லாரையும்போல.

13 ஜூன்

மறுதேர்வு. வாய்க்கால் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் இரண்டு பக்கமும் எழுதியிருப்பேன்.

24 ஜூன்

6.4.

யாகோதா போன வாரமே ஊருக்குப் போய்விட்டாள், பட்டம் வாங்க. செய்தி அனுப்பினேன். "அவ்வளவுதானா?" என்று பதில். துவார்த்தே நாளை மறுநாள் காரோடு வருகிறான். நாளையே கிளம்பலாமா என்று கேட்டான். முடியாது, நாளை காலை விடைத்தாள் பார்க்கும் நேரம் என்றேன். தேறிவிட்டாயே, இன்னும் எதற்கு என்றான்.

மீதி 3.6 எங்கே போனது என்று பார்க்க வேண்டாமா?

இந்தக் குறிப்பை என்றாவது யாராவது படித்தால் ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை எதிலாவது தேறியதும், உங்கள் தாளைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பாருங்கள்.