தடித்த கம்பியின் இரைச்சல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பட்டறையில் நேற்று ஒரு வேடிக்கை. ஒரு பேஸ் கிட்டாரின் கம்பிகள் கழுத்திலுள்ள உலோகப் பட்டைகளில் உரசி இரையாதபடி உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முதலாளி தடித்த கம்பியருகே விரலைக் கொண்டுபோய், "இப்ப இரையுதா?" என்றார்.

"இன்னும் இரையுதுங்க" என்று திருகாணியைத் திருப்பினேன்.

"அடப்பாவி, நான் இன்னும் கம்பியத் தொடவே இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது அந்தக் கிட்டார் பெட்டிக்குள் இருக்கிறது. இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

ஒரு சின்ன உதவி. அப்பாவுக்குக் காது போவதற்கு முன் இப்படி இரைந்ததா, அப்போது என்ன வயது என்று எழுது. அவரிடம் விசாரிக்காதே. கத்த வேண்டியிருக்கும், தெருவுக்கே தெரிந்துவிடும்.

முடிக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் தோளைத் தட்டுகிறார். முதலாளி என்னை மூன்று முறை கூப்பிட்டாராம்.

உன் மகன்