மடியில் இருந்த ஹெல்மெட்

8 பிப்ரவரி 2004, ஞாயிறு இரவு

மருமகள் நிர்மலாவின் நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். தூங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திறந்த ஜீப்பை மணலில் ஓட்டுவாள். வாரம் முழுக்க நாவலூர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது ஒன்றுதான் சந்தோஷம். இன்று நானும் கூடப் போனேன். கோவளத்தில் பூசை முடிந்து எனக்குத் தெரிந்த பெண்கள் தெருவில் நின்றிருந்தார்கள். ஜீப்பில் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருக்கும் மருமகளை அவர்கள் பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

"இந்தத் தெரு தாண்டும் வரைக்கும் அந்தச் சட்டியைக் கழற்றி என்னிடம் கொடு" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். தெரு தாண்டிய பிறகு நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சவுக்குத் தோப்பு மணலில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அவள் தலை ஜீப்பின் இரும்புக் கம்பியில் மோதியது.

ஓடி வந்து தூக்கிய மீன்காரப் பெண் என்னைப் பார்த்தாள். "இன்னா ஆயா, ஹெல்மெட்ட நீ மடில வச்சிகினு கீற?"

வீட்டில் மகன் சத்தம் போட்டான். "ஹெல்மெட்ட ஏன் கழட்டினே?"

"ஒரே வேர்வை. நானேதான் கழட்டினேன்" என்றாள் நிர்மலா. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

அவன் ஜீப் சாவியை என்னிடம் நீட்டினான். "இனிமே அவ தொடக் கூடாதும்மா. நீங்களே வச்சிக்குங்க." வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

காலையில் அவன் எதிரிலேயே சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன். முதல் வரியையே அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.