தவறணைக்குத் தவறணை

திங்கள், நவம்பர் 3

காலையிலிருந்து மூட்டம். பருப்பு, வெங்காயம், குளியலறைக்கு பல்ப் வாங்க வேண்டும்.

இவருக்கு வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கோ பயம். வேலை என்னவென்றால், பப் கிரால். சனிக்கிழமை பின்னேரங்களில் சுற்றுலாக்காரரைத் தேம்ஸ் கரையோரம் ஒவ்வொரு பப்பாகக் கூட்டிப்போய்ச் சரித்திரம் சொல்வது. குடியால் பெற்றோல் ஸ்டேஷன் வேலையை இழந்த மனுசனுக்கு இதைவிட்டால் வேறு வேலையே இல்லையா? கள்ளுத் தவறணைக்குத் தவறணை ஊர்வலம் போகிறார் என்று சனம் சிரிக்கும்.

மகளுக்கு போன் எடுத்தேன். "அம்மா, இட்ஸ் ஹிஸ்டரி. அப்பா லைப்ரரியிலை எவ்வளவு படிச்சவர். சில் பண்ணுங்கோ."

சில் பண்ணுவதாம். குடியை நிறுத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சுவரில் பூச்சி ஊருது, தட்டிவிடுமப்பா என்று இவர் கெஞ்சியதை அவள் பார்க்கவில்லை. நான்தான் தட்டினேன், இல்லாத பூச்சிகளை.

புதன், 5

மழை. ஷிப்ட் முடிந்து வந்து கால் வீக்கம்.

இவர் குசினியில் ஒத்திகை. மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு பப். அந்தக் காலத்தில் இருட்டினால் லண்டன் பாலத்தின் கதவைப் பூட்டிவிடுவார்களாம். பிந்தி வந்தவர்கள் தென்கரைச் சத்திரங்களில் தங்கிக் குடித்தார்களாம். பிறகு கப்பற்காரர். குடிவெறியில் கிடந்தவர்களைக் கடற்படைக்கு இழுத்துக்கொண்டு போனார்களாம். தூக்குமேடைக்குப் போகிற கைதிக்குக்கூட வழியில் வண்டியை நிறுத்திக் கடைசியாக ஒரு கிளாஸ் கொடுத்ததாகக் கதை. ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்!

ஒரே இடத்தில் இருந்து குடித்துத் தொலைக்கலாமே, ஏன் இந்த அலைச்சல் என்று கேட்டேன்.

"தனிய இருந்து குடிச்சால் அது வெறும் குடி. நடந்து குடிச்சால் கூட்டாளியள். மழையிலை நனைஞ்சு, வழி பிழைச்சு, ஆளையாள் தேடி... அதோடை அடுத்தது எண்டு ஒண்டு எப்பவும் இருக்கு. அந்த ருசியிலைதான் இது இவ்வளவு காலமும் அழியேல்லை."

அடுத்தது என்றபோது முகத்தில் ஒரு வெளிச்சம். இவரை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோனதும் அந்த அடுத்ததுதான்.

நடையின் கடைசிக் கதையைக் கடைசிப் பப்பின் உள்ளே, மேசையில் இருந்து சொல்ல வேண்டுமாம். சுற்றுலாக் கொம்பனியின் விதி.

வெள்ளி, 7

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். நார்தன் லைன் ரயிலில் இருக்க இடமில்லை. இவருடைய பெயருக்கு அர்ச்சனை. பதற்றத்தில் நட்சத்திரத்தை மாறிச் சொல்லி, திரும்பிப் போய்த் திருத்தினேன். தெரிந்த அக்கா ஒருவர், இவருக்கு என்ன வேலை என்று விசாரித்தார். டூரிசம் என்றேன்.

வீட்டில் இவர் சப்பாத்துக்கு பொலிஷ் போடுகிறார். விசில் வேறு. எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிறேன் இந்த விசிலை. போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டேன்.

சனி, 8

தூறல், கடும் குளிர். இவர் புறப்பட்டதும் நானும் பின்னால். வேவு பார்க்கத்தான். எழுதவே வெட்கம்.

வாப்பிங், தேம்ஸ் கரை. ஏழெட்டுப் பேர், நடுவில் மஞ்சள் குடையுடன் இவர். முதல் பப் வாசலில் நின்று கதை சொன்னார். சிரித்தார்கள். உள்ளே போனார்கள். கதவு மூடியது. பார்த்தால், மஞ்சள் குடை வெளியே. சனத்தை உள்ளே அனுப்பிவிட்டு, இவர் சுவரோடு நின்று நனைகிறார். அடுத்த பப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ரோட்டின் அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான்.

கடைசிப் பப். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இவர் கதவில் கை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். கார் வருகிறதா என்றும் பார்க்காமல் ரோட்டைக் கடந்தேன்.

இவர் திடுக்கிடவில்லை. என்னை முதல் பப்பிலேயே கண்டுவிட்டாராம்.

"உள்ளை போகப் பயமா இருக்கு. மணம் கதவடிவரைக்கும் வருகுது."

இத்தனை வருட லண்டனில் நான் ஒரு பப்புக்குள் கால் வைத்ததில்லை. "நான் முன்னாலை போறன். என்ரை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

கதவைத் தள்ளினேன். சூடு, பியர் மணம், இரைச்சல். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவரை மேசையில் என் பக்கத்தில் இருத்தினேன். எனக்கு விளங்காத இங்கிலீஷில் கடைசிக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். மேசைக்குக் கீழே என் கோட்டை விடவேயில்லை.

ஞாயிறு, 9

நல்ல வெயில். கோட்டின் பொக்கற் ஓரம் கிழிந்திருக்கிறது. தைக்க வேண்டும். கத்தரிக்காய்க் குழம்பு. இவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். இனி ஒவ்வொரு சனியும் நானும் வாறன் என்றேன். தலையாட்டினார்.

பின்னேரம் கொம்பனியிலிருந்து போன். நேற்று வந்தவர்களுக்கு இவரை நன்றாகப் பிடித்துவிட்டதாம். இனிப் புதன்கிழமைகளிலும் ஒரு நடை. இவர் ஓம் என்று சொல்லிவிட்டார்.

புதன் எனக்கு ஷிப்ட்.