தைக்காத குடை

சகலை,

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. வீட்டில் நல்ல குடைகள் இருந்தும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய உங்கள் குடையைத்தான் எடுத்தேன். விரித்ததும் அதே ஈரத்துணி வாசம். கம்பியை விட்டு நழுவிய அந்த மூலை வழக்கம்போல என் தோளை நனைத்தது. போய்ச் சேர்ந்த பிறகும் என்னை நனைய வைக்கிறீர்களே என்று திட்டிக்கொண்டேதான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

மதினியை நீங்களும் அவர் தங்கச்சியை நானும் கட்டிய நாளிலிருந்து நாம் சேர்ந்துதான் குடித்தோம். நீங்கள் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கிருந்த நர்ஸம்மா ஒருவர்தான் சொன்னார், குடியை விட்டவர்கள் பதுளை டவுனில் ஒரு மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள் என்று. போகத்தான் ஆசை. ஆனால் சுவரோடு சுவராக ஒட்டிய தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஆஸ்பத்திரியை விட்டு வந்த கையோடு இந்தக் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

"யாராச்சும் கேட்டா குடை தைக்கப் போறோம்னு சொல்லிருவோம்."

"ஒரு குடைக்கு ரெண்டு ஆளா, சகலை?"

"நீங்க விரிங்க, நான் மடக்குறேன்."

பதுளையில் இறங்கிய பிறகு மண்டபம் எங்கே என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. சாராயக் கடைக்கு வழி கேட்க என்றைக்காவது கூச்சப்பட்டிருக்கிறோமா? கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நிசமாகவே ஒரு குடை தைப்பவர் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். பசறையிலிருந்து வருகிறோம் என்றீர்கள். அவர் குடையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு தையல் விட்டிருக்கு. இதுக்கா பசறையில இருந்து வந்தீங்க?"

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் ஊசியாலேயே ஒரு சந்துப் பக்கம் காட்டினார். "மண்டபம் அங்கிட்டு இருக்கு. பின்பக்கமா படி ஏறுங்க. இப்பதான் ஆரம்பிச்சிருப்பாங்க."

நீங்கள் வெடுக்கென்று குடையை வாங்கிக்கொண்டீர்கள். "தைச்சிராதீங்க. அடுத்த கிழமையும் வேணும்."

அங்கே யாரும் நமக்குப் புத்தி சொல்லவில்லை. இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார்கள். அவரவர் கதையை அவரவர் சொன்னார்கள். யாரோ ஒருவர் என் கதையையே சொல்வதுபோல இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, "இன்னைக்குப் பொழுத ஓட்டிட்டோம்ல, அது போதும்" என்றீர்கள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஞாயிறுகளிலும் அதையேதான் சொன்னீர்கள். எனக்குச் சலித்ததே இல்லை.

குடியை விட்டதைக்கூட ஒளித்துத்தான் வைத்தீர்கள். ஏன் தொடுவதில்லை என்று கேட்டவர்களிடம் சீனி வருத்தம், அந்த நோய்க்கு மாத்திரை போடுகிறேன் என்று சொல்லி வைத்தீர்கள். எனக்கும் சேர்த்து அதே வருத்தத்தை எழுதிவிட்டீர்கள். நம் இரண்டு வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

அந்தப் பொய் உங்கள் கருமாதியில் வந்து நின்றது, சகலை. நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பதினாறாம் நாள். மொனராகலையிலிருந்து வந்த உங்கள் அண்ணன், படையலில் கறிக்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு போத்தல் சாராயத்தை வைத்தார். கண்ணெல்லாம் தண்ணீர் அவருக்கு.

"உசிரோட இருக்கையில சீனி சீனின்னு தொடாமயே கெடந்தான். இனிமே சீனி என்ன பண்ணப் போவுது? குடிக்கட்டும்."

சூடம் காட்டியதும் போத்தலைத் திறந்தார். முதல் கிளாஸ் உங்கள் சகலையான எனக்குத்தானாம். என் கையில் கொடுத்தார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஒரு வாய் குடித்தால் இந்தத் துக்கம் தணியும் என்றுகூட நினைத்தேன். நிமிர்ந்தால் சுவரோரம் மதினி. உங்கள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அவருக்குச் சீனியே இல்லைங்க. குடிய விட்டுட்டாரு. ரெண்டு பேருமாத்தான் விட்டோம். பதுளையில கூட்டத்துக்குப் போனோம்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அடிப்பார் என்றுதான் நினைத்தேன். மதினி எழுந்து உள்ளே போய் இந்தக் குடையை எடுத்து வந்து, போத்தலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தார். "இதத்தான் அவரு ஆசையாத் தூக்கிட்டுப் போவாரு" என்றார். அண்ணன் குடையைத் தொட்டுக் கும்பிட்டு அழுதார். அன்று மாலை மதினி அதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இன்று பஸ்ஸில், ஞாயிறுதோறும் நம் குடைக் கதையைக் கேட்டு வந்த அதே கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சிரித்தார். "இன்னுமா அந்தக் குடைய தைக்கல?"

"தைக்கப் போகலைங்க. குடிய விட்டவங்க கூட்டத்துக்குப் போறேன்."

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். கண்டக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் போய் மற்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்தார். நான் நனைந்த தோளைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பதுளையில் இறங்கும்போது அவர் படியில் குறுக்கே நின்றார். மெதுவாகக் கேட்டார்.

"அது எங்கங்க நடக்குது?"

அந்தச் சந்து வழியைச் சொன்னேன். பின்பக்கப் படியைச் சொன்னேன். பிறகு, ஒரு துணைக்கு இருக்கட்டும் என்று, உங்கள் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தேன், சகலை.