பேர்னாட்டின் பெயரை நான் துடைத்த நாள்

வெள்ளவத்தை,
19.07.1998

அன்பு மகள் அருந்ததிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மருமகனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, போன கிழமையும் பொலிஸ் வந்து வீட்டுப் பதிவைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்கெல்லாம் நீ யோசிக்காதே. பேர்னாட்டின் மகன் அங்கே உன்னைத் தேடி வந்து தன் கலியாணத்துக்கு அழைத்ததாக எழுதி, என்ன பரிசு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வாங்க வேண்டாம், நீ போகவும் கூடாது. அந்தப் பொடியன் என்ன பிழை செய்தான் என்று அம்மா என்னோடு சண்டை. அவன் ஒரு பிழையும் செய்யவில்லைத்தான். ஆனால் கலியாணப் படத்தில் என் மகள் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பேர்னாட் பார்க்கக் கூடாது. ஏன் என்று இதுவரை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த பேர்னாட் மாமாவை உனக்கு நல்லாய்த் தெரியும். வருடத்துக்கு இரண்டு தரம் நாங்கள் இருவரும் நுவரெலியாவுக்கு மேலே ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவோம். தூண்டில் முள்ளில் சேவல் இறகைச் சுற்றிப் பூச்சிபோலக் கட்டி, தண்ணீரின் மேல் சத்தமில்லாமல் விழ வீசுவதை எனக்குப் பழக்கியவன் அவன்தான். எந்தக் கல்லின் பின்னால் மீன் நிற்கும் என்று தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஓடை வரைய வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். கடற்காற்றில் படங்கள் பழுதாகும் என்று வரைந்ததையெல்லாம் அவன் கடையின் மேல்மாடியில்தான் வைத்திருந்தேன்.

தொண்ணூற்றாறில் என்னைப் பிடித்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும், எப்படிப் பிடித்தார்கள் என்று தெரியாது. ஓடையிலிருந்து பேர்னாட்டின் வான் வண்டியில் திரும்பும்போது சோதனைச்சாவடியில் என் வரைபுத்தகத்தை விரித்தார்கள். அதில் மூன்று பாலங்கள் இருந்தன. பாலத்தை எதற்குக் கீறினாய் என்று கேட்டார்கள், நிழலில் மீன் நிற்கும் என்று சொன்னேன், அது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பேர்னாட்டைக் கேட்டார்கள். அவன் சிங்களத்தில், இவரை எனக்குத் தெரியாது, வழியில் கை காட்டினார், பாவம் பார்த்து ஏற்றினேன் என்றான். என் பக்கம் திரும்பவில்லை. நாலு மாதம் உள்ளே இருந்தேன், அங்கே நடந்ததை எழுத மாட்டேன். அந்த நாட்களில் அம்மா, என்னைத் தெரியும் என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி அவன் கடைக்குப் போயிருக்கிறார். அவன் அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, அக்கா இனி இங்க வராதேங்கோ என்று அனுப்பியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் மேசையில் என்னுடைய படமொன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார்களாம், அம்மா இதை எனக்குப் போன மாதம்தான் சொன்னார். நான் வெளியே வந்தபோது மேல்மாடி வெறுமை. பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்றான், நானும் நம்பினேன்.

போன மாதம் திரைச்சீலை தைக்கும் பாயிஸ் வேலையாக ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்தார். மிஸ்டர் கதிர், ஒங்கட ஆறு அங்க தொங்குது, கீழ பேரு மட்டும் வேற என்றார். பேர்னாட் தன் பெயரில் கண்காட்சி வைக்கிறானாம். திறப்பு நாளில் நான் வெள்ளைச் சேர்ட் போட்டு, பழந்துணியும் சின்னப் போத்தலில் எண்ணெய்ச் சாயம் கரைக்கும் டேர்பன்டைனும் கொண்டு போனேன். எரியக்கூடிய சாமானைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஒரு தமிழன் ஹோட்டலுக்குள் போவதா என்று அம்மா வாசலை மறித்து அழுதார். அங்கே காவலாளி போத்தலை மணந்து பார்த்தான், முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் என்றேன், விட்டுவிட்டான். உள்ளே பேர்னாட் கோட்டுப் போட்டுக்கொண்டு, விடியற்காலை மூடுபனிக்குள் தான் உட்கார்ந்து வரைந்த கதையை வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொண்டு நின்றான். நான் நேரே போய்த் துணியை டேர்பன்டைனில் நனைத்தேன். முதல் படத்தின் மூலையைத் துணியால் துடைத்தேன். அவன் வார்னிஷுக்கு மேல் பூசிய மண்ணிறமும் அதன் மேல் எழுதிய பெயரும் துணியோடு வந்தன, கீழே க. கதிர்காமநாதன் என்று என் தமிழ்க் கையெழுத்துத் தெரிந்தது. மச்சான் இங்க வேண்டாம், வெளியில போய்க் கதைப்பம் என்று அவன் என் முழங்கையைப் பிடித்தான். கையை உதறிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். மனேஜர் ஓடி வந்து நீ யார் என்று கேட்டபோது அடையாள அட்டையைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். எத்தனையோ வருடமாக எத்தனையோ பேர் கேட்டு நீட்டிய அட்டை, அன்றுதான் நீட்டச் சந்தோஷமாக இருந்தது. பதினொரு படங்களையும் துடைத்து முடித்துத்தான் வெளியே வந்தேன், அட்டையைக் காட்டிய பிறகு ஒருவரும் தடுக்கவில்லை.

இப்போது அவன் கடை பூட்டு. அவன் மனைவி இங்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பயந்திட்டார், அவரும் தமிழன்தானே, மூன்று கிழமையாய் வெளியில இறங்குறாரில்லை என்று அழுதார். நான் அறையை விட்டு வரவில்லை. பயந்ததை நான் மன்னித்திருப்பேன் பிள்ளை. அம்மாவை வாசலில் நிறுத்தியதை மன்னிக்க மாட்டேன். அவன் வெளியே இறங்காதது எனக்கு நல்லாய் இருக்கிறது, வடிவாய்ச் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். இதைக் கேட்டு நீ வெட்கப்பட்டாலும் பரவாயில்லை, பொய் எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு தூரிகையும் எடுத்திருக்கிறேன். ஆறும் கல்லும் தவிர ஒன்றும் வரையாத நான் இப்போது அவன் முகத்தை வரைகிறேன், அந்தச் சாவடியில் என் பக்கம் திரும்பாமல் நின்ற முகத்தை. முன்னறையில் ரோட்டுக்குத் தெரிய மாட்டப் போகிறேன். வாயும் தாடையும் நான் நினைத்தபடி கயவனுக்குரியதாக வந்துவிட்டன. கண்தான் வரவில்லை. எப்படிக் கீறினாலும் அதில் பயம் வந்து நிற்கிறது, ஒன்பது தரம் சுரண்டி அழித்துவிட்டேன். இன்று காலையும் அதே பயம்தான். நாளைக்கும் அழிப்பேன்.

இரவு வேலைக்குப் போகும்போது மருமகனைக் கவனமாய் வண்டி ஓட்டச் சொல். இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடு, அம்மா இதை இரண்டு தரம் எழுதச் சொன்னார். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ எங்கள் ஆசி என்றும் உண்டு.

உன் அன்பு அப்பா,
க. கதிர்காமநாதன்