சூடேறினால் நிற்கும் வண்டி

ஆகஸ்ட் 3

அன்பு மகளுக்கு,

உன் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், நம் பழைய காருக்குத்தான் ஏதோ நோய். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. சந்தை வரை போய் இன்ஜின் சூடேறியதும் லொக்கு லொக்கென்று இருமிவிட்டு நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

போன மாதம் இழுவை குறைந்ததென்று தீப்பொறிக்கான பாயிண்ட்டையும் அதோடு சேர்ந்த சின்னக் கண்டன்சரையும் புதிதாகப் போட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. காயிலை மாற்றினேன், பிளக்குகளை மாற்றினேன், பெட்ரோல் குழாயைக்கூடக் கழற்றி ஊதினேன். மசியவில்லை. நேற்று பாலத்து நடுவில் நின்றபோது பின்னால் வந்தவன், "இந்த வயசுல எதுக்கும்மா உங்களுக்கு இது? பழைய இரும்புக்குப் போட்டுட்டு வீட்ல இருங்க" என்றான். நான் வாயே திறக்கவில்லை.

உன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாயே. மாதக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். சத்தியம்.

அம்மா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அம்மா,

சளி போய்விட்டது. உன் கடிதம் வந்த அன்றே உள் அறையைக் காலி செய்து கட்டில் வாங்கிப் போட்டேன். வேலை முடிந்து திரும்பும்போது வீட்டில் விளக்கு எரியும் என்று நினைக்கவே அத்தனை சந்தோஷம்.

ஆனால் தொழிற்சாலையில் நான் சோதிப்பதே கண்டன்சர்களைத்தானே. ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும் புதுச் சரக்கில் சில, சூடாக்கினால் படுத்துவிடும். உன் வண்டியிலும் அதுதான். புதிது என்பதால் நீ அதைச் சந்தேகப்படவே இல்லை. பாயிண்ட் மாற்றினால் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுவது உன் வழக்கம்; பழையதில் ஒரு குறையும் இருந்திருக்காது. நீதான் எதையும் தூக்கிப் போடமாட்டாயே, அதையே திரும்ப மாட்டு.

இதை எழுதாமல் இருந்தால் நீ இங்கே வந்துவிடுவாய். அப்படியே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் எவனோ பேசியதற்கு நீ பதில் சொல்லவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அப்பா தொடவே பயந்த இன்ஜினை முழங்கை வரை கிரீஸோடு பிரித்து மாட்டியவள் நீ. உன்னைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். தோற்றுப்போய் நீ இங்கே வர வேண்டாம், அம்மா.

உன் மகள்

ஆகஸ்ட் 20

என் கண்ணே,

பழையது ஆணி டப்பாவில் கிடந்தது. மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் மேட்டுச் சாலையில் ஏற்றி இறக்கி மறுபடி ஏற்றினேன். ஒரு இருமல் இல்லை. தொட்டுக்கூடப் பார்க்காமல் அங்கிருந்தே சொல்லிவிட்டாயே, கெட்டிக்காரி. தெருமுனை மெக்கானிக்கிடம் பெருமையடித்தேன். "உங்க பொண்ணுக்கு இங்கயே வேலை தர்றேன், கேட்டுப் பாருங்க" என்கிறார்.

உன்னிடம் வந்தால், "அதைத் தொடாதேம்மா, நீ சும்மா உட்காரு" என்று என்னை மூலையில் உட்கார வைத்துவிடுவாயோ என்று பயம். அதனால்தான் இத்தனை வருஷம் சாக்குச் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் கிளம்புகிறேன். பஸ்ஸில் இல்லை, ஓட்டிக்கொண்டுதான் வருகிறேன். உன் வாசலில் வண்டி நிறுத்த இடம் பார்த்து வை.

அம்மா